முப்பது நாள் அவகாசம்

காலையில் எழுந்ததும் சுபேதார் வெள்ளைச்சாமி தன் இடது காலைக் கழற்றி வெயிலில் காயவைத்தார். முட்டிக்குக் கீழே பொருத்தும் கால் அது. படையில் கொடுத்தது, சூரியக்கால் என்று பெயர். இரண்டு மணி நேரம் வெயில் குடித்தால் நாள் முழுக்க நடக்கும். மேகம் போட்ட நாளில் மதியத்துக்கு மேல் நொண்டும். வீட்டுக்குக் கொல்லைப்புறம் மாட்டு உயரத்தில் ஒரு கறுத்த பாறை கிடந்தது. அதன் முதுகு சமமாக, காலைச் சூரியனைப் பார்த்தாற்போல இருக்கும். அதில் பாதி இடம் காலுக்கு. மீதிப் பாதியில் அவர் மனைவி பஞ்சவர்ணம் வடகம் பிழிவாள். வெயில் ஏறியதும் கால் தானாக ஓர் உதறு உதறி வடகத்தைக் கலைத்துவிடும். அந்த வீட்டில் சண்டை என்று வந்தால் அதற்காகத்தான் வரும்.

மறுகரை என்கிற கோளில் இதெல்லாம் சாதாரணம். பக்கத்து நிலத்து நாயக் லூர்துக்கு இரண்டு கையும் சூரியக்கைதான். அவர் காலையில் கை காயும்வரை மனைவி ஊட்டிவிடச் சாப்பிடுவார், அதில் அவருக்குக் குறையும் இல்லை.

அன்று சுபேதாருக்கு இட்லி இறங்கவில்லை. இன்னும் நான்கு நாளில் எல்லை நடை.

எல்லை நடை என்பது மறுகரையின் சட்டம். போரில் இருந்தவர்களுக்கெல்லாம் காலனிச் சபை தலைக்கு நாற்பது ஏக்கர் கொடுத்தது. கொடுத்ததே தவிரப் பட்டா கொடுக்கவில்லை. ஏழு வருடத்துக்கு ஒருமுறை நிலத்துக்காரர் தன் எல்லையைச் சுற்றி நடக்கவேண்டும். கூடவே பக்கத்து நிலத்துக்காரர் சாட்சியாக வரவேண்டும். சர்வேயர் வேலைக்கென்றே செய்த அளவையன் என்னும் எந்திரமும் வரும். அது ஒவ்வொரு எல்லைக்கல்லிலும் நின்று, "தடை சொல்வார் உண்டா?" என்று மூன்று தரம் கேட்கும். யாரும் வாய் திறக்காவிட்டால் அடுத்த கல். இப்படி மூன்று நடை தடையில்லாமல் முடிந்தால் நிலைப்பட்டா கிடைக்கும். அதன்பிறகு அந்த நிலத்தை யாராலும் அசைக்க முடியாது. நடுவில் ஒரே ஒரு தடை வந்தாலும் நிலம் சபைக்குத் திரும்பிவிடும். சுபேதாருக்கு இரண்டு நடை முடிந்திருந்தது. வயது எழுபது. இது தவறினால் இன்னொரு இருபத்தொரு வருடம் காத்திருக்க அவருக்கு ஆயுள் கிடையாது. பட்டா இல்லாத நிலத்தை மகனுக்கு எழுதிவைக்கவும் முடியாது.

மகன் தவசி நகரத்தில் இருந்தான். பின்கழுத்தில் மிளகளவு விரைமணி ஒன்றைப் பதித்துக்கொண்டிருந்தான். விரைமணி பதித்தவர்களுக்கு உடம்பு நம்மைப் போலத்தான் அசையும். மனசு மட்டும் பறக்கும். நாம் ஒரு டம்ளர் காபியை ஆற்றிக் குடித்து முடிப்பதற்குள் அவர்களுக்கு உள்ளே ஒரு மாதம் ஓடிவிடும். நினைத்த மாத்திரத்தில் எந்திரங்களை ஏவி ஒரு பகலில் ஊரையே கட்டிவிடுவார்கள். சபையில், கோர்ட்டில், எல்லா ஆபீசிலும் இப்போது விரைவர்கள்தான். பஞ்சவர்ணத்துக்கு இதில் பெருமை பாதி, வயிற்றெரிச்சல் பாதி. மகன் பேசும்போதெல்லாம் குரலைத் தடவித் தடவி நீட்டி ஒரு பேச்சுப்பெட்டி வழியாகத்தான் அனுப்புவான். நேரில் வந்து நான்கு வருடமாகிறது. ஏன் வருவதில்லை என்று ஒருமுறை அழுதே கேட்டாள்.

"அம்மா, நீங்க 'வாப்பா, உக்காரு, சாப்பிட்டியா'ன்னு கேட்டு முடிக்கிறதுக்குள்ள எனக்கு அரை நாள் போயிருது. உங்களைக் குத்தம் சொல்லலை. என்னால உக்காந்திருக்க முடியலை."

அவன் அதைப் பாசத்தோடுதான் சொன்னான். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

எல்லை நடையன்று வானம் வெறிச்சென்று இருந்தது, கால் வயிறு முட்ட வெயில் குடித்திருந்தது. சுபேதார் பழைய சீருடையைப் போட்டு மெடலைக் குத்திக்கொண்டார். லூர்து சாட்சிக்கு வந்தார். அளவையன் மூன்று கால்களால் தத்தித் தத்தி முன்னால் போயிற்று. முதல் கல், இரண்டாம் கல், மூன்றாம் கல் என்று ஒன்பது வரை ஒரு சத்தம் இல்லை. பத்தாவது கல் கொல்லைப்புறம். அதுதான் கடைசி. அளவையன் அங்கே வந்ததும் நின்றுவிட்டது. பாறையின்மேல் தன் உலோகக் கையை வைத்து வெகுநேரம் அப்படியே இருந்தது.

"சுபேதார் ஐயா, இந்தப் பாறை இரண்டாம் நடை வரைபடத்தில் இருக்கிறது, முதல் நடை வரைபடத்தில் இல்லை," என்றது.

பஞ்சவர்ணம் கொல்லைக் கதவிலிருந்து எட்டிப் பார்த்தாள். ஒன்பது வருடத்துக்கு முன்னால் அவள் இதையேதான் சொன்னாள். வீடு கட்டும்போது இந்தக் கல் இங்கே இல்லை என்றாள். கல்லுக்குக் கால் முளைத்தால் வரும் என்று சுபேதார் சிரித்தார். அதற்குப் பிறகு அவள் வடகத்தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள், பேச்சை வளர்க்கவில்லை.

சுபேதார் பாறையைச் சுற்றி வந்து பார்த்தார். அடிப்பக்கம் மண் மூடிய இடத்தில் மூன்று கீறல்கள் வரிசையாக இருந்தன. தூக்குவண்டியின் நகம் பட்ட தடம்.

அந்தத் தடத்தைப் போட்டது அவர்தான்.

முப்பத்திரண்டு வருடத்துக்கு முன்னால் பூமியிலிருந்து முதல் கப்பல் வந்தபோது மறுகரை காலியாக இல்லை. பாறை போலத் தோல் தடித்த ஒரு இனம் பள்ளத்தாக்கு முழுக்க இருந்தது. நாளுக்கு ஒரு சாண் நகரும். நம்மவர்கள் அதற்கு மெத்தனர் என்று பெயர் வைத்தார்கள். சும்மா தள்ளிவிட்டு நிலத்தை எடுத்துக்கொள்ளலாம் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். நாளைக்கு யாரும் நம்மைத் திருடர்கள் என்று சொல்லக்கூடாது, எல்லாம் சட்டப்படி நடக்கவேண்டும் என்று சபையில் ஒரு வக்கீல் ஒற்றைக்காலில் நின்றார். ஆகவே மெத்தனர்களும் சட்டத்தின் முன் ஒரு தரப்பு என்று முதலில் தீர்மானம் போட்டார்கள். பிறகு அவர்களுக்கு அறிவிப்புக் கொடுத்தார்கள். படையிலேயே உரத்த குரல் வெள்ளைச்சாமிக்கு. அவர்தான் ஒலிபெருக்கியைப் பிடித்து மெத்தனர் கூட்டத்துக்கு முன்னால் நின்று வாசித்தார்: "இந்த நிலம் தங்களுடையது என்றால் முப்பது நாளுக்குள் தடை தெரிவிக்கவும். தெரிவிக்காவிட்டால் நிலம் உபயோகமில்லாமல் கிடப்பதாகக் கருதப்படும்."

யாரும் தடை தெரிவிக்கவில்லை. முப்பத்தோராவது நாள் போர் தொடங்கியது. பதினொரு வருடம் நடந்தது. போர் என்றால், தூக்குவண்டியில் மெத்தனர்களை ஒவ்வொருவராகத் தூக்கி இரண்டு கிலோமீட்டர் தள்ளி மேட்டுக்கு அந்தப்பக்கம் போடுவது. எதிர்த்தரப்பில் ஒருவருக்கும் போர் நடப்பது தெரிந்திருக்க வாய்ப்பில்லை. முதல் வருடத்திலேயே வெள்ளைச்சாமியின் வண்டியில் நகம் நழுவி ஒரு மெத்தனர் அவர் காலில் விழுந்தார். எதிரியோடு நேருக்கு நேர் மோதியதில் காயம் என்று பட்டாளத்தில் எழுதினார்கள். மெடல் அதற்குத்தான்.

அந்த மெத்தனர்தான் நாளுக்கு ஒரு சாணாக இருபத்துமூன்று வருடம் நடந்து, தன் பழைய இடத்துக்கே வந்து உட்கார்ந்திருந்தார். தன் காலை எடுத்தவர் முதுகிலேயே ஒன்பது வருடமாகக் காலைக் காயவைத்துக்கொண்டிருந்தோம் என்று தெரிந்தபோது சுபேதாருக்குச் சிரிப்பு வரவில்லை.

"வந்தவரு வந்துட்டாரு. வாயத் தொறக்கலைல? அப்பத் தடை இல்லை. எழுது," என்றார் லூர்து.

"வாயைத் திறந்துதான் இருக்கிறார்," என்றது அளவையன். "பேசிக்கொண்டிருக்கிறார். தொண்டையின் அதிர்வை அளந்தேன். அறிவிப்பு வாசித்த பதினெட்டாவது நாள் பேசத் தொடங்கியிருக்கிறார். இன்னும் முடிக்கவில்லை."

அவ்வளவுதான். பத்தாவது கல்லோடு நடை நின்றுபோயிற்று. அவகாசத்துக்குள் பேசத் தொடங்கிய ஒருவர் பேசி முடிக்கும்வரை பட்டா வழங்கக்கூடாது என்பது சட்டம். சபையில் மணியடித்துப் பேச்சைப் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள் என்று உறுப்பினர்கள் சண்டை போட்டுத் தங்களுக்காகப் போட்டுக்கொண்ட விதி அது. எப்போது முடிப்பார் என்று சுபேதார் கேட்டார். இன்னும் இருநூற்றெழுபது வருடம் ஆகலாம் என்று அளவையன் மரியாதையாகச் சொன்னது. அறிவிப்பு பள்ளத்தாக்கு முழுமைக்கும் வாசிக்கப்பட்டது. அதனால் பள்ளத்தாக்கில் இருந்த இருநூறு குடும்பங்களின் பட்டாவும் சேர்ந்து நின்றுபோனது.

மறுநாளிலிருந்து வீட்டு வாசலில் கூட்டம். போரில் கை போனவர், கண் போனவர், எல்லோரும் வந்து சுபேதாரைப் பார்த்தார்கள். தூக்குவண்டி இன்னும் கொட்டகையில் இருக்கிறதல்லவா என்று லூர்து தணிந்த குரலில் கேட்டார். அளவையன் பத்தாவது கல்லைவிட்டு நகராமல் காவல் நின்றது. சுபேதாருக்கு எந்தப் பக்கமும் வழி தெரியவில்லை. படையில் இருந்தவருக்கு யாராவது உத்தரவு போட்டால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது. ராத்திரியும் பகலும் அதே நினைப்பாக இருந்து கடைசியில் மகனைக் கூப்பிட்டார்.

தவசி சபையில் வழக்கை எடுத்துக்கொண்டான். அவன் கணக்கில் நாற்பது நாளில் முடித்தான். அவன் வாதம் இரண்டே இரண்டுதான். ஒன்று, அவகாசம் என்பதைக் கேட்பவர் வேகத்தில் கணக்கிட்டால் உலகத்தில் எந்தக் காரியமும் நடக்காது. அறிவிப்புக் கொடுத்தவர் கடிகாரம்தான் கணக்கு, அதற்குள் பேச்சு முடியவேண்டும். சபையில் இருந்த விரைவர்கள் இதற்கு உடனே தலையாட்டினார்கள். இரண்டாவது, மெத்தனர் இதுவரை பேசியது என்ன என்று அளவையனே மொழிபெயர்க்கட்டும். அளவையன் மொழிபெயர்த்தது. முப்பத்திரண்டு வருடத்தில் அவர் சொல்லி முடித்திருந்தது ஒரே ஒரு சொல்.

"வாருங்கள்."

சபையில் கைதட்டல். இது தடையே இல்லை, அழைப்பு என்றான் தவசி. வாருங்கள் என்று அவர்களே சொல்லியிருக்கிறார்கள், நாம் வந்திருக்கிறோம். இனி மறுகரையில் நமக்கு இருக்கும் உரிமையைப்பற்றி யாரும் பேசமுடியாது. பேச்சு அத்தோடு நிறைவுபெற்றது என்று அறிவிப்பு வாசித்தவர் ஒரு கையெழுத்துப் போட்டால் போதும்.

காகிதத்தைக் கொண்டுவந்தது அளவையன். சுபேதார் அதைக் கையில் வாங்கிக்கொண்டு கொல்லைப்புறம் போனார். பாறையின்மேல், மெத்தனரின்மேல், உள்ளங்கையை வைத்தார். இத்தனை வருடம் வெயில் சூடு என்று நினைத்திருந்தது சூடு மட்டுமல்ல. உள்ளே எங்கோ மெல்லிய நடுக்கம் இருந்தது.

"முடிச்சுட்டாரா?" என்று கேட்டார்.

"இல்லை ஐயா. அடுத்த சொல் ஆரம்பித்திருக்கிறது."

"என்ன சொல்லு?"

"தெரிய இன்னும் இருபது வருடம் ஆகும்."

வேலிக்கு வெளியே இருநூறு குடும்பமும் நின்றுகொண்டிருந்தது. பஞ்சவர்ணம் எதுவும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று சுபேதார் பிற்பாடு நினைத்தார். வா என்று சொன்னவரை வாசலில் நிறுத்தி வாயைப் பொத்துகிற காரியம் இது என்று அவருக்குத் தெரிந்தது. அவமானமாக இருந்தது. அதோடு நாற்பது ஏக்கரும் கண்ணுக்கு முன்னால் பச்சையாக விரிந்துகிடந்தது. கையெழுத்துப் போட்டார்.

மெத்தனரைத் தூக்கும்போது நகம் நழுவாமல் இருக்க அவரே நின்று யோசனை சொன்னார். மேட்டுக்கு அந்தப்பக்கம் போகும்போதும் மெத்தனரின் தொண்டை அதிர்ந்துகொண்டுதான் இருந்தது என்று அளவையன் குறித்துக்கொண்டது.

அந்த வாரமே நிலைப்பட்டா வந்தது. பஞ்சவர்ணம் அதற்குச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டினாள். சுபேதார் மகனுக்கு உயில் எழுதிவைத்தார். இனிச் சாவு வந்தாலும் சரி என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார். ஒரே குறை, காலைக் காயவைக்க வாகான இடம் இல்லாமல் போய்விட்டது. மதில்மேல் வைத்தால் சரிந்து விழுந்தது. கொல்லையில் ஒரு பழைய பெஞ்சியைப் போட்டு அதில் கிடத்தினார். அந்த இடத்தைக் கடக்கும்போது மட்டும் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

எட்டு மாதம் கழித்து ஒரு காலையில் வாசலில் வண்டிச் சத்தம் கேட்டது. கால் பெஞ்சியில் காய்ந்துகொண்டிருந்தது. சுபேதார் கொல்லையிலிருந்து எட்டிப் பார்த்தார். வண்டியின் முகப்புத் திரையில் தவசியின் முகம் தெரிந்தது. நான்கு வருடத்துக்கு மேலாகிவிட்டது, பையன் இளைத்திருந்தான். அவருக்கு எல்லாம் மறந்துபோயிற்று.

"வாப்பா, வா வா. சாப்பிட்டியா?" என்று அங்கிருந்தே குரல் கொடுத்தார். பட்டாளத்துக் குரல், நாற்பது ஏக்கருக்கும் கேட்டிருக்கும். பிறகு நொண்டிக்கொண்டே போய்க் காலை எடுத்து, துடைத்து, மாட்டி, வாரை இறுக்கி, பஞ்சவர்ணத்திடம் காபி போடச் சொல்லிவிட்டு வாசலுக்கு வந்தார்.

திரை அணைந்திருந்தது. வாசலில் அளவையன் நின்றது. அதன் பின்னால் தூக்குவண்டி. நிலைக்கதவில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. சுபேதார் கண்ணாடி இல்லாமலே அதை வாசித்தார். வரிக்கு வரி அவருக்கு மனப்பாடம்: இந்த நிலம் தங்களுடையது என்றால் முப்பது நாளுக்குள் தடை தெரிவிக்கவும். தெரிவிக்காவிட்டால் நிலம் உபயோகமில்லாமல் கிடப்பதாகக் கருதப்படும். கீழே தவசியின் கையெழுத்து இருந்தது.

நாற்பது ஏக்கரில் வருடத்துக்கு ஒரே ஒரு வெள்ளாமை. மகனின் கணக்குக்கு அது யுகக்கணக்காகச் சும்மா கிடக்கிற நிலம். நிலைப்பட்டாவும் உபயோகத்தில் இருக்கிற நிலத்துக்குத்தான் செல்லும். அவன் பேச்சுப்பெட்டியில் ஒரு செய்தியும் விட்டிருந்தான். அளவையன் அதைப் போட்டது.

"அப்பா, உங்க நல்லதுக்குத்தான். மேட்டுக்கு அந்தப்பக்கம் உங்களை மாதிரி நிதானமா இருக்கவங்களுக்குன்னே குடியிருப்பு கட்டியிருக்கேன். நல்ல காத்து. யாரும் உங்களை அவசரப்படுத்த மாட்டாங்க."

குரல் நீட்டி நீட்டி வந்தது. அதில் பாசம் இருந்தது, அதைப் பொய் என்று சொல்லமுடியாது.

"முப்பது நாள்னு போட்டிருக்கு. இப்பத்தான ஒட்டியிருக்கே. நான் தடை சொல்றேன், எழுதிக்க," என்றார் சுபேதார். குரல் முன்போல எழவில்லை.

"அறிவிப்புக் கொடுத்தவர் கடிகாரப்படி அவகாசம் முடிந்துவிட்டது ஐயா. தாங்கள் வாரை இறுக்கிக்கொண்டிருந்தபோது. தாங்கள் கையெழுத்திட்ட தீர்ப்புத்தான்."

"நான் ஒண்ணும் சொல்லலையே. சம்மதம்னு சொல்லலையே."

"அவகாசத்துக்குள் தாங்கள் சொன்னது பதிவில் இருக்கிறது," என்றது அளவையன். வாசித்தும் காட்டியது. "வாப்பா, வா வா. சாப்பிட்டியா. இதைச் சபை அழைப்பு என்று ஏற்றுக்கொண்டது. தங்கள் மகன் சார்பில் நன்றி தெரிவிக்கச் சொன்னார்கள்."

பஞ்சவர்ணம் இரண்டு டம்ளர் காபியோடு வந்து நின்றாள். யாருக்கு என்று அவளுக்குப் புரியவில்லை. சுபேதார் ஒன்றை வாங்கி ஒரு வாய் குடித்தார். இன்னும் ஆறவில்லை. சொல்வதற்கு நிறைய இருந்தது. எங்கே ஆரம்பித்தாலும் முடிப்பதற்குள் வீடு இருக்காது என்று தோன்றியது. தூக்குவண்டி நகத்தை விரித்துக்கொண்டு மெல்ல முன்னால் வந்தது.

அவர் டம்ளரை மனைவியிடம் கொடுத்துவிட்டு, வண்டியைப் பார்த்து நின்றார்.

"மேல பிடிக்காத, வழுக்கும்," என்றார். "அடியில குடுத்துத் தூக்கு. முதல்ல அவளை."